வெள்ளிக்கிழமைக்குள்ளயா, வெள்ளிக்கிழமை வரைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "இங்கிலீஷ்ல நாள், நேரம் சொல்லும்போது எங்க இடிக்குதுன்னு எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டேன், அவ்வளவுதான், கடிதமும் மெயிலும் வாட்ஸ்அப்புமா குவிஞ்சிருச்சு. பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான், இந்தத் தப்பையெல்லாம் சிவப்பு மையில வட்டம் போட்டவன், அதுல பாதிய நானும் பண்ணவன். அதனால கூச்சப்படாம கேளுங்க.

கேள்வி (கோவில்பட்டி, முதல் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்): சார், மேனேஜர் ரிப்போர்ட் எப்ப வரும்னு கேட்டாரு, நான் "ஐ வில் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே"ன்னு மெயில் போட்டேன். அவரு "அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் அனுப்பிக்கிட்டே இருப்பியா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டு சிரிச்சிட்டாரு. பை எங்க போடணும், அன்டில் எங்க போடணும்?

பதில்: தம்பி, உங்க மேனேஜர் சிரிச்சது தப்பு, ஆனா அவர் சொன்ன அர்த்தம் சரிதான். இதுக்கு கிராமர் புக்கே வேண்டாம், மனசுக்குள்ள அந்த வாக்கியத்த தமிழ்ல ஒருதடவை சொல்லிப் பாருங்க. "வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுறேன்"னு வந்தா பை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஊர்ல இருப்பேன்"னு வந்தா அன்டில், இல்லன்னா டில். நம்ம பேச்சுல இந்த ரெண்டையும் யாரும் மாத்திப் பேசுறதே இல்ல, "நாளைக்கு வரைக்கும் பணம் கட்டிடுறேன்"னு எந்தத் தமிழனாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? குழந்தைகூட சொல்லாது. ஒருதடவை நடந்து முடியுற வேலைக்கு பை, இழுத்துக்கிட்டே போற நிலைமைக்கு அன்டில், அவ்ளோதான். "ஐ வோன்ட் பி பேக் அன்டில் ஃப்ரைடே"ன்னு இல்லாத கணக்குல வந்தாலும் அதேதான், வெள்ளிக்கிழமை வரைக்கும் வரமாட்டேன், இல்லாமயே இருக்குறதும் ஒரு நிலைமைதானே.

இதுல இன்னொரு குழி இருக்கு, அதையும் சொல்லிடுறேன். "பை ஃப்ரைடே"ன்னா வெள்ளிக்கிழமையும் சேர்த்திதான், அன்னைக்குக் குடுத்தாலும் கணக்குத் தீர்ந்தது. "பிஃபோர் ஃப்ரைடே"ன்னா வியாழக்கிழமையே முடிஞ்சிருக்கணும். "டில் ஃப்ரைடே" லீவுன்னு எழுதுனா வெள்ளிக்கிழமை ஆபீஸ் வருவீங்களா மாட்டீங்களா? இங்கதான் இங்கிலீஷே மழுப்பும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அப்படித்தான் லீவ் லெட்டர் எழுதுனேன், நம்ம "வெள்ளிக்கிழமை வரைக்கும் லீவு"ன்னா வெள்ளியும் லீவுதானேன்னு வீட்ல சாவகாசமா படுத்திருந்தேன், அங்க அட்டெண்டன்ஸ்ல சிவப்பு கோடு விழுந்திருச்சு. அதுலேர்ந்து லீவ் லெட்டர்ல கடைசி நாளையும் திரும்ப வேலைக்கு வர்ற நாளையும் தனித்தனியா எழுதிடுவேன். அமெரிக்காக்காரங்க இதுக்காகவே "மண்டே த்ரூ ஃப்ரைடே"ன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, த்ரூன்னா வெள்ளிக்கிழமையும் உள்ள அடக்கம்னு சந்தேகமே இல்லாம தெரியும். நல்ல வார்த்தை, ஆனா பிரிட்டன்ல அவ்வளவா புழங்காது.

அப்புறம் "பை இ.ஓ.டி.", அதாவது எண்ட் ஆஃப் டேக்குள்ளன்னு மெயில் வந்தா, யாரோட நாள் முடியுறதுன்னு கேட்டுக்கோங்க. நியூயார்க்ல சாயங்காலம் 5 மணின்னா நமக்கு ராத்திரி தாண்டி 2.30, அவங்க குளிர்காலத்துல கடிகாரத்தத் திருப்பி வச்சா 3.30. க்ளையன்ட் அங்க இருந்தா உங்களுக்குப் பாதி ராத்திரிக்கு மேல போனஸ், அதையும் தூங்கித்தான் கழிக்கணும், வேலை பாத்து இல்ல.

கேள்வி (வேலூர்): "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்." இதுல என்ன தப்பு? எல்லாரும் இப்படித்தானே பேசுறாங்க?

பதில்: எல்லாரும் பேசுறாங்கங்கறது உண்மை, தப்பு ரெண்டு இருக்குங்கறதும் உண்மை.

மொத தப்பு சின்ஸ். இதுக்கும் தமிழயே கேளுங்க. "2015லேருந்து"ன்னு ஆரம்பிச்ச இடத்தச் சொன்னா சின்ஸ், "பத்து வருஷமா"ன்னு நீளத்தச் சொன்னா ஃபார். நமக்கு லேருந்து வேற, வருஷமா வேற. இந்தில ரெண்டுக்குமே "சே" ஒண்ணுதான், அதனால அவங்க சின்ஸ்ல தடுமாறுறதுக்கு ஒரு நியாயம் இருக்கு, நமக்கு அந்த சாக்குகூட கிடையாது, கேட்டுக் கேட்டுப் பழகுன தப்பு இது.

ஆனா ரெண்டாவது தப்பு அசல் நம்ம ஊர் சரக்கு. "பத்து வருஷமா இங்க வேலை பாக்குறேன்"னு சொல்லும்போது நம்ம வினை நிகழ்காலத்துல நிக்குது, பாக்குறேன். அத அப்படியே தூக்கி வச்சா "ஐ ஆம் வொர்க்கிங்"னுதான் வரும். இங்கிலீஷ்காரனுக்கு அது பத்தாது, அன்னைக்கு ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் ஓடிக்கிட்டிருக்குன்னா அவன் "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்"னு ஹேவ் பீனப் போட்டாத்தான் ஒத்துக்குவான். ஆக, சின்ஸா ஃபாரான்னு தமிழ் உங்களக் காப்பாத்தும், டென்ஸ்ல அதே தமிழ் உங்களக் கவுத்தும். ரெண்டையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

கேள்வி (நாமக்கல், லாரி புக்கிங் ஆபீஸ்): வடக்க ஒரு பார்ட்டிக்கு "லோடு வில் ரீச் இன் டூ டேஸ்"னு மெசேஜ் போட்டேன். ரெண்டு நாளுக்குள்ள வந்துரும்ங்கற அர்த்தத்துலதான் போட்டேன், அவரு ரெண்டாவது நாள் கழிச்சுத்தான் வரும்னு குடோன்ல ஆளே வைக்கல. யார் மேல தப்பு?

பதில்: உங்க மேலதாங்க, கோச்சுக்காதீங்க. "இன்"னு கேட்டதும் நமக்கு டப்பாக்குள்ள, ரூமுக்குள்ளன்னு "உள்ள"ங்கறதுதான் ஞாபகம் வருது, அதான் வம்பு. வரப்போற சமாச்சாரத்துக்கு "இன் டூ டேஸ்"னா இன்னையிலேருந்து ரெண்டு நாள் கழிச்சு. ரெண்டு நாளுக்குள்ள எப்ப வேணா வரலாம்னா "விதின் டூ டேஸ்". நாம "கழிச்சு"ங்கறதுக்கு "ஆஃப்டர் டூ டேஸ் ஐ வில் கம்"னு சொல்லிப் பழகிட்டோம், புரியாதுன்னு இல்ல, ஆனா இப்பலேருந்து எண்ணும்போது அவங்க வாயில இன்தான் வரும். ஆஃப்டர் எப்ப வரும்னா கதை சொல்லும்போது, "அவன் வந்து ரெண்டு நாள் கழிச்சு மழை பிடிச்சது"ன்னு வேற ஒரு சம்பவத்துலேருந்து எண்ணுனா.

குழப்பத்த இன்னும் கொஞ்சம் கூட்டுறேன், மன்னிச்சிருங்க. "ஹி ஃபினிஷ்ட் தி வொர்க் இன் டூ டேஸ்"னு முடிஞ்ச வேலையச் சொன்னா அங்க இன்னுக்கு "ரெண்டே நாள்ல முடிச்சிட்டான்"ங்கற அர்த்தம், எடுத்துக்கிட்ட நேரம். உங்க தொழிலுக்கு என்ன செய்யலாம்னா இன்னும் வேண்டாம் விதினும் வேண்டாம், எந்தத் தேதி, எத்தனை மணின்னு எழுதிப் போடுங்க.

கேள்வி (செய்யாறு): "பிஃபோர் டூ டேஸ் ஐ சா ஹிம்" சரியா?

பதில்: தப்பு. "டூ டேஸ் அகோ". நம்ம "ரெண்டு நாளைக்கு முன்னாடி" மாதிரியே அகோ பின்னாடி வருது பாருங்க, இங்கிலீஷ்ல இப்படி வர்றது அபூர்வம், அத விட்டுட்டு பிஃபோரப் போய்ப் பிடிக்கிறோம். அகோங்கறது பழைய அகான்ங்கற சொல்லோட தேய்மானம், போன, கடந்துபோனன்னு அர்த்தம். போன வாரம்னு நாம சொல்ற அதே போன.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவி): "டுடே மார்னிங்", "யெஸ்டர்டே நைட்" ரெண்டும் தப்புன்னு ஒரு வீடியோல சொன்னாங்க சார். நிஜமாவா? எங்க புரொஃபசரே அப்படித்தான் பேசுறாரு.

பதில்: புரொஃபசர இழுக்காதம்மா. இன்னைக்குக் காலைல, நேத்து ராத்திரிங்கறத அச்சு அசலா எடுத்து வச்சது அது. வெளிநாட்டுக்காரங்க சொல்றது திஸ் மார்னிங், திஸ் ஈவினிங், ஆனா திஸ் நைட் கிடையாது டுநைட். நேத்துக்கு யெஸ்டர்டே மார்னிங், யெஸ்டர்டே ஈவினிங் உண்டு, ஆனா நேத்து ராத்திரி லாஸ்ட் நைட். டுமாரோ மார்னிங் சரி, டுமாரோ நைட்டும் சரி. இதுல ஒரு ஒழுங்கும் இல்லன்னு உனக்குத் தோணுதா, எனக்கும் அப்படித்தான் தோணுது, மனப்பாடம் பண்றதத் தவிர வேற வழி கிடையாது. இந்தியாவுக்குள்ள பேசுனா டுடே மார்னிங் யாரையும் உறுத்தாது, வெளிநாட்டுப் பரீட்சை எழுதப்போறேன்னா மட்டும் மாத்திக்கோ.

கேள்வி (திருப்பூர், எக்ஸ்போர்ட் கம்பெனி): புதன்கிழமை அன்னைக்கு பையர் "நெக்ஸ்ட் ஃப்ரைடே"ன்னாரு. நாளன்னைக்கு வர்ற வெள்ளியா, அதுக்கடுத்த வெள்ளியா? இன்னொரு மெயில்ல "மீட்டிங் மூவ்ட் ஃபார்வர்ட் பை டூ டேஸ்"னு வேற போட்டிருக்காரு.

பதில்: ரெண்டும் உங்க இங்கிலீஷோட குறையே இல்ல, அதச் சொல்லத்தான் இந்தக் கேள்விய எடுத்தேன். பை, அன்டில், சின்ஸ் எல்லாம் நாம சறுக்குற இடம். இது அவங்களே சறுக்குற இடம்.

நெக்ஸ்ட் ஃப்ரைடேன்னா சிலருக்கு அடுத்து கண்ணுல படுற வெள்ளி, சிலருக்கு அடுத்த வாரத்து வெள்ளி, இதுல புருஷன் பொண்டாட்டிக்குள்ளயே சண்டை வரும் அந்த ஊர்லயும். நாம "வர்ற வெள்ளிக்கிழமை"ன்னா சண்டையே கிடையாது, வர்றது ஒண்ணுதான். "அடுத்த வெள்ளிக்கிழமை"ன்னாதான் நமக்கும் லேசா இழுபறி, அதனால "அடுத்த வாரம் வெள்ளி"ன்னு சொல்லித் தப்பிச்சிக்குவோம். நீங்களும் "திஸ் கமிங் ஃப்ரைடே"ன்னோ, "ஃப்ரைடே ஆஃப் நெக்ஸ்ட் வீக்"னோ கேட்டு, கூடவே தேதியப் போட்டு கன்ஃபர்ம் பண்ணிக்கோங்க. பிரிட்டிஷ் பையரா இருந்து "ஃப்ரைடே வீக்"னு சொன்னா மிரளாதீங்க, வர்ற வெள்ளிக்கு மேல ஒரு வாரம்னு அர்த்தம்.

ஃபார்வர்ட் இன்னும் மோசம். "புதன்கிழமை மீட்டிங்க ரெண்டு நாள் ஃபார்வர்ட் பண்ணியாச்சு, இப்ப என்னைக்கு மீட்டிங்?"னு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரங்க இங்கிலீஷத் தாய்மொழியா பேசுறவங்ககிட்டயே கேட்டுப் பாத்தாங்க, கிட்டத்தட்ட பாதிப் பேர் திங்கள்னும் மீதிப் பேர் வெள்ளின்னும் சொன்னாங்க. காலம் நம்மள நோக்கி வருதுன்னு நினைக்கிறவனுக்கு முன்னாடி தள்ளுனா கிட்ட வரும், நாமதான் காலத்துல நடந்து போறோம்னு நினைக்கிறவனுக்கு முன்னாடி தள்ளுனா தூரம் போகும். ரயில் பயணத்துலயும் ஏர்போர்ட்லயும் இருந்தவங்ககிட்ட கேட்டப்ப வெள்ளின்னு சொன்னவங்க கூடுதலா இருந்தாங்க, தான் நகருற நினைப்பு மனசுல இருக்குதுல்ல. தமிழ்ல "ரெண்டு நாள் முன்னாடியே வச்சிட்டாங்க"ன்னா சீக்கிரம், "தள்ளி வச்சிட்டாங்க"ன்னா தாமதம், சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த இடத்துலதான் நம்ம இந்தியன் இங்கிலீஷ் ஒரு அருமையான காரியம் பண்ணியிருக்கு, ப்ரீபோன். போஸ்ட்போனுக்கு எதிர்ப்பதம், சந்தேகத்துக்கே இடமில்ல. இத "தப்பு இங்கிலீஷ்"னு கிண்டல் பண்றவங்க இன்னும் இருக்காங்க, ஆனா ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில அது இருக்கு, 1913ல நியூயார்க் டைம்ஸுக்கு வந்த ஒரு வாசகர் கடிதத்துலகூட ஒருத்தர் இந்தச் சொல்ல முன்மொழிஞ்சிருக்காரு. அங்க ஒட்டல, இங்க ஒட்டிக்கிச்சு. உங்க பையருக்கு மட்டும் ப்ரீபோன் புரியாமப் போகலாம், அவருக்கு "ப்ராட் ஃபார்வர்ட்"னா புரியும், அது எப்பவும் சீக்கிரம்தான். மூவ்டுக்கும் ப்ராட்டுக்கும் நடுவுல இவ்ளோ வித்தியாசம் இருக்குன்னு அவங்களுக்கே யாராவது சொல்லணும்.

கேள்வி (கும்பகோணம்): டிக்கெட்ல தேதி 15, நேரம் 00.10னு இருந்தது. 15ஆம் தேதி ராத்திரி பெட்டி படுக்கையோட ஸ்டேஷன் போனா ரயில் நேத்தே போயிருச்சுன்னாங்க. 12 ஏ.எம்.னா மதியமா ராத்திரியா, தயவுசெஞ்சு ஒரு முடிவு சொல்லுங்க.

பதில்: உங்களுக்கு என்னோட அனுதாபம், ஏன்னா நானும் குடும்பத்தோட ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி இதே மாதிரி ஒருநாள் லேட்டா பிளாட்ஃபாரத்துல நின்னவன், கையில சீர்வரிசைத் தட்டோட. தப்பு என் மேலதான், ரயில்வே 24 மணிக் கணக்குல தெளிவா அடிச்சிருந்தாங்க.

இதுக்கு வேர் எங்க இருக்குன்னு யோசிச்சுப் பாத்தேன். நமக்கு நாள் விடியும்போதுதான் பொறக்குது. பழைய ஜாதகத்துல "திங்கட்கிழமை இரவு விடிந்தால் செவ்வாய்"னு எழுதியிருக்கும் பாத்திருக்கீங்களா, ராத்திரி 2 மணிக்குப் பொறந்த குழந்தை நம்ம கணக்குல இன்னும் திங்கக்கிழமைதான், ஆஸ்பத்திரி சர்டிஃபிகேட்ல செவ்வாய்க்கிழமை. இங்கிலீஷ் நாள் நடுராத்திரியில மாறிடுது, நாம அப்ப தூக்கத்துல இருக்கோம். அதனால 15ஆம் தேதி 00.10னா, 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்பணும், இத அப்படியே மனசுல பச்சை குத்திக்கோங்க. 00ன்னு ஆரம்பிக்கிற டிக்கெட்ட எடுத்தவுடனே அது மேல பேனாவால "14 ராத்திரி"ன்னு எழுதிடுறது என் பழக்கம்.

12 ஏ.எம்.முக்கு வருவோம். ஏ.எம்.ங்கறது லத்தீன், ஆன்டே மெரிடியம், உச்சிக்கு முன்னாடி. பி.எம். போஸ்ட் மெரிடியம், உச்சிக்குப் பின்னாடி. சரி, உச்சியே 12 மணின்னா அது உச்சிக்கு முன்னாடியா பின்னாடியா? ரெண்டும் இல்ல. இருந்தாலும் கடிகாரம், போன், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் 12 ஏ.எம். நடுராத்திரி, 12 பி.எம். நடுப்பகல்னு வழக்கமாயிருச்சு, அத ஏத்துக்கோங்க. ஆனா அமெரிக்காவோட அளவைத் தர நிறுவனம் நிஸ்டே அது குழப்பம், நூன், மிட்நைட்னு எழுதுங்கன்னுதான் சொல்லுது. மிட்நைட்னு மட்டும் எழுதுனாலும், 15ஆம் தேதி மிட்நைட்னா 15 ஆரம்பிக்கிற மிட்நைட்டா முடியுற மிட்நைட்டான்னு இன்னொரு தலைவலி. கடைசித் தேதி அறிவிக்கிறவங்க 11.59 பி.எம்.னு விசித்திரமா ஒரு நேரத்தப் போடுறது இந்த ஒரு நிமிஷ வம்புக்குப் பயந்துதான்.

கேள்வி (நாகர்கோவில்): வெளிநாட்டு விருந்தாளிக்கு "கம் அட் நூன்"னு சொன்னேன், மனுஷன் கரெக்டா 12 மணிக்கு வந்து நிக்கிறாரு, உலையே வைக்கல!

பதில்: நம்ம மத்தியானம் ரப்பர் மாதிரி, பன்னெண்டுலேருந்து மூணு மூணரை வரைக்கும் இழுக்கலாம். நூன் ஒரு புள்ளி, 12 மணி, அவ்ளோதான். நீங்க சொல்ல நினைச்சது ஆஃப்டர்நூன். இதுல ஒரு வேடிக்கை, நூன்ங்கற சொல்லே நோனாங்கற லத்தீன்லேருந்து வந்தது, நோனான்னா ஒன்பதாவது, சூரியன் உதிச்சு ஒன்பதாவது மணி, அதாவது நம்ம மூணு மணி. அந்த நேரத்து ஜெபத்த தேவாலயங்கள்ல நாளாக நாளாக முன்னாடி நகர்த்தி நகர்த்தி 12க்குக் கொண்டுவந்துட்டாங்க, பேரும் கூடவே வந்திருச்சு. ஒரு ஆயிரம் வருஷம் முன்னாடி கூப்பிட்டிருந்தா உங்க உலை கொதிச்சிருக்கும்.

சாயங்காலத்துலயும் இப்படி ஒண்ணு இருக்கு. நமக்கு ஏழு மணிக்கு இருட்டுனா ராத்திரி, எட்டு மணிக்கு ஒருத்தர் வீட்டுக்குப் போய் "குட் நைட் சார்"னு உள்ள நுழையுறவங்கள எனக்குத் தெரியும். குட் நைட் கிளம்பும்போது சொல்றது, போயிட்டு வரேன் மாதிரி. உள்ள நுழையும்போது ராத்திரி பத்து மணியானாலும் குட் ஈவினிங்.

கேள்வி (திருச்சி, நர்ஸ், ஜெர்மனி போக மொழி படிக்கிறேன்): பிரிட்டிஷ்காரங்க "ஹாஃப் சிக்ஸ்"னா ஆறரை. ஜெர்மன்ல "ஹால்ப் செக்ஸ்"னா அஞ்சரைங்கறாங்க. கிளாஸ்ல எல்லாரும் முழிக்கிறோம்.

பதில்: நல்லவேளை இங்கயே முழிச்சீங்க, டியூட்டிக்குப் போய் முழிச்சா ஒரு மணி நேரம் போச்சு. ஹாஃப் சிக்ஸ்ங்கறது ஹாஃப் பாஸ்ட் சிக்ஸோட சுருக்கம், ஆறு தாண்டி அரை. ஜெர்மன்காரன் ஆற நோக்கிப் போற பாதையில பாதி வந்தாச்சுன்னு பாக்குறான், டச்சுக்காரனும் அப்படித்தான். நாம எப்பவும் தாண்டுன மணி மேல ஏத்திக்கிட்டே போவோம், ஆறே கால், ஆறரை, ஆறே முக்கால். இங்கிலீஷ்காரன் அரை வரைக்கும் நம்ம கட்சி, அதத் தாண்டுனதும் அடுத்த மணியப் பாக்கத் திரும்பிடுவான், ஆறே முக்கால் அவனுக்கு குவார்ட்டர் டு செவன். ஜெர்மன்காரன் அரையிலயே திரும்பிடுறான். எந்த மணியப் பாத்து நிக்கிறான்னு தெரிஞ்சா கணக்கு தானா வந்துரும். ஷிப்ட் விஷயத்துல மட்டும் 17.30னு எழுதி வாங்கிக்கோங்க.

கேள்வி (புதுக்கோட்டை): பைவீக்லி, பைமன்த்லி?

பதில்: பைவீக்லின்னா வாரத்துக்கு ரெண்டு தடவையும் ஆகும், ரெண்டு வாரத்துக்கு ஒருதடவையும் ஆகும், அகராதியிலயே ரெண்டு அர்த்தமும் பக்கத்துப் பக்கத்துல கூச்சமில்லாம நிக்குது. சம்பளம் பைவீக்லின்னு ஆஃபர் லெட்டர்ல இருந்தா ரொம்ப சந்தோஷப்படாதீங்க, அமெரிக்காவுல சம்பளத்துக்கு அது ரெண்டு வாரத்துக்கு ஒருதடவைதான், வருஷத்துக்கு 26. நம்ம பத்திரிகை அட்டைகளப் பாருங்க, வாரமிருமுறை, மாதமிருமுறை, இருமாத இதழ், ஒரு எழுத்துகூட சந்தேகம் கிடையாது. பிரிட்டன்லயும் நம்ம ஊர்லயும் ஃபோர்ட்நைட்லின்னு ஒண்ணு உண்டு, பதினாலு ராத்திரிங்கறதோட சுருக்கம் ஃபோர்ட்நைட். அமெரிக்காவுல அந்த வார்த்தையச் சொன்னா வீடியோ கேம பத்திப் பேசுறீங்கன்னு நினைப்பாங்க.

கேள்வி (சேலம், மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன்): அங்க டாக்டர் "எவ்ரி அதர் டே" மாத்திரை போடச் சொன்னாரு, நான் தினமும் போட்டுட்டேன். நல்லவேளை வைட்டமின் மாத்திரை.

பதில்: அம்மா, "எவ்ரி அதர் டே"ன்னா ஒருநாள் விட்டு ஒருநாள். நம்ம டாக்டருங்க ஆல்டர்னேட் டேஸ்னு சொல்வாங்க, அதுதான் இது. "தி அதர் டே"ன்னு வந்தா அது வேற, "அன்னைக்கு ஒருநாள்"னு சமீபத்துல நடந்தது, இன்னொரு நாள் இல்ல. சிரிக்க வேண்டிய விஷயம் இல்லம்மா இது, மருந்துச் சீட்டுல க்யூ.டி.ன்னா தினமும், க்யூ.ஓ.டி.ன்னா ஒருநாள் விட்டு ஒருநாள், கையெழுத்துல ஒண்ணு இன்னொண்ணா தெரிஞ்சிரும்ங்கறதால அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தர்ற ஜாயின்ட் கமிஷன் 2004லயே ரெண்டையும் எழுதக்கூடாத பட்டியல்ல சேர்த்திருச்சு. இங்க ஓ.டி.ன்னா தினம் ஒருவேளை, அங்க கண் டாக்டர் சீட்டுல ஓ.டி.ன்னா வலது கண்ணு. நம்ம மெடிக்கல்ல கவர் மேல 1-0-1னு எழுதிக் குடுக்குறாங்களே, காலைல ஒண்ணு, மத்தியானம் இல்ல, ராத்திரி ஒண்ணு, எழுதப் படிக்க சிரமப்படுறவங்களுக்கும் புரியும், அதுக்கு ஈடே இல்ல. அடுத்த தடவை சந்தேகம் வந்தா மாத்திரையப் போடுறதுக்கு முன்னாடி மகளைக் கேளுங்க.

கேள்வி (ஓசூர்): 03/04ன்னா?

பதில்: நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காவுக்கு மார்ச் 4. மாசத்த எழுத்துல எழுதிடுங்க. ஃபைல் பேர்ல போடுறதா இருந்தா வருஷம், மாசம், தேதின்னு 2025-04-03 மாதிரி போடுங்க, உலகத் தர விதி ஐ.எஸ்.ஓ. 8601 சொல்றது அது, ஃபைலும் வரிசையா அடுக்கிக்கும்.

கேள்வி (விருதுநகர்): "ஐ கேம் லேட்லி டு ஆபீஸ்"னு சொன்னதுக்கு ஹெச்.ஆர். ஒரு மாதிரி பாத்தாங்க. லேட்டுக்கு லேட்லிதானே, ஸ்லோவுக்கு ஸ்லோலி மாதிரி?

பதில்: லாஜிக் சரி, மொழி லாஜிக்க மதிக்காது. லேட்லின்னா சமீபகாலமா. தாமதமா வந்ததுக்கு வெறும் லேட். நீங்க சொன்னது, "நான் சமீபகாலமா ஆபீஸுக்கு வர ஆரம்பிச்சிருக்கேன்"ங்கற மாதிரி அவங்க காதுல விழுந்திருக்கும், பாக்காம என்ன செய்வாங்க. இதே ரகத்துல ப்ரெசென்ட்லி ஒண்ணு, அமெரிக்காவுல இப்போதைக்குன்னு அர்த்தம், பிரிட்டன்ல கொஞ்ச நேரத்துலன்னு. ஜஸ்ட் நவ் நமக்கு இப்பதான், இப்பவே. தென்னாப்பிரிக்காவுல ஒருத்தர் "ஐ வில் டூ இட் ஜஸ்ட் நவ்"னா அப்புறமா எப்பவாவதுன்னு எடுத்துக்கணும், நம்ம ஊர் "இதோ வந்துட்டேன்" மாதிரி, சொல்றவர் இன்னும் குளிச்சிருக்கவே மாட்டார்.

கேள்வி (திருவாரூர்): நாளான்னைக்குங்கறதுக்கு இங்கிலீஷ்ல ஒரே வார்த்தை இருக்கா ஐயா? "டே ஆஃப்டர் டுமாரோ"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த நாளே வந்துரும் போல.

பதில்: இருந்துச்சு, ஓவர்மாரோ. ஜெர்மன்ல இன்னும் ஊபர்மார்கன்னு சாகாம இருக்கு, இங்கிலீஷ்ல அது வழக்கொழிஞ்சு போச்சு, இப்ப நீங்க பேச்சுல போட்டா எதிர்ல இருக்குறவர் முழிப்பாரு. நம்ம பக்கம் நாளான்னைக்கு, நாளைக்கழிச்சு, யாழ்ப்பாணத்துல நாளையிண்டைக்கு, பின்னால திரும்புனா முந்தாநாள். இங்கிலீஷ்ல ரெண்டு பக்கமும் மூணு மூணு வார்த்தை, "தி"யையும் சேர்த்தா நாலு. பரீட்சையில அந்த "தி"ய விட்டா அரை மார்க் போயிரும், நானே குறைச்சிருக்கேன்.